உட்கருவுக்குள் மரபணு எங்கே, புரதம் எங்கே: எந்த வழியில் பார்ப்பது?

"என் மரபணு வெளிச்சம் பட்டதும் இடம் மாறுகிறதா என்று பார்க்கணும். ஃபிஷ் (ஒளிரும் டி.என்.ஏ. துண்டால் மரபணுவின் இடத்தைக் காட்டும் முறை) செய்யட்டுமா, ஹை-சி (எந்த டி.என்.ஏ. எதன் பக்கத்தில் என்று சொல்லும் முறை) செய்யட்டுமா?" தாவர மூலக்கூறு உயிரியலில் ஆய்வு தொடங்கும் மாணவர்களிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் இருக்கிறது. புரதத்தோடு வேலை செய்பவர்கள் ஃபிஷ் என்ற இடத்தில் ஆன்டிபாடியையும், ஹை-சி என்ற இடத்தில் பச்சையாக ஒளிரும் புரதமான ஜி.எஃப்.பி.யையும் வைத்துக் கேட்கிறார்கள். இரண்டுக்கும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். ஆய்வகங்களில் மாதிரியாக வளர்க்கும் சிறு செடியான அரபிடாப்ஸிஸைத்தான் முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். தெளிவான விடைகள் அதில்தான் அதிகம் கிடைத்திருக்கின்றன. நெல், கோதுமைக்கு எங்கே கணக்கு மாறுகிறதோ அங்கே சொல்கிறேன்.

இடத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? அரபிடாப்ஸிஸின் இரட்டைத்தொகுதி உட்கரு ஒன்றில் இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் வரும். அது சில மைக்ரோமீட்டர் அகலமுள்ள உருண்டைக்குள் மடங்கிக் கிடக்கிறது. மடிப்பில் எது உட்கரு உறையின் ஓரம் போகிறது, எது நியூக்ளியோலஸ் (உட்கருவுக்குள் ரைபோசோம் உருவாகும் அடர்ந்த பகுதி) பக்கம் போகிறது என்பதற்கும் மரபணு வேலை செய்வதற்கும் தொடர்பு இருக்கிறது. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பச்சையத்தைப் பிடித்துவைக்கும் புரதங்களுக்கான சி.ஏ.பி. மரபணுக் கூட்டம், இருட்டில் வளர்ந்த நாற்றில் உட்கருவின் உள்பக்கமாக இருந்தது. வெளிச்சம் பட்டதும் விளிம்புக்கு நகர்ந்தது. விலங்குச் செல்களில் விளிம்பு என்றால் பொதுவாக மரபணுக்கள் அடங்கிக் கிடக்கும் இடம். இங்கே ஒரு மரபணுக் கூட்டம் வேலைக்குத் தயாராகும்போது அந்த விளிம்புக்கே போகிறது. விலங்குப் பாடத்தை அப்படியே தாவரத்துக்குப் பொருத்த முடியாது என்பதால்தான் நாமே பார்க்க வேண்டியிருக்கிறது. விலங்குகளில் உட்கரு உறையின் உள்பக்கம் வலையாக நிற்கும் லாமின் புரதம் தாவரங்களுக்குக் கிடையாது. அந்த வேலையைக் கிரௌன் குடும்பப் புரதங்கள் செய்கின்றன.

## முதலில் அளவுகோல்கள்

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஐந்து விஷயங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, உங்கள் கேள்வி எந்த வகை. "எந்த அறையில்?" (உறையோரமா, நியூக்ளியோலஸா, டி.என்.ஏ. அடர்ந்து திரண்ட குரோமோசென்டரா) என்பது ஒன்று. "எவ்வளவு தூரத்தில்?" என்பது இன்னொன்று. "பக்கத்தில் யார்?" என்பது மூன்றாவது. மூன்றும் ஒன்று போலத் தோன்றும், ஆனால் மூன்றுக்கும் கருவி வேறு.

இரண்டாவது, அசைவைப் பார்க்க வேண்டுமா, இல்லை ஒரு கணத்தின் நிலை போதுமா. மூன்றாவது, தனித்தனி செல்லா, இல்லை லட்சக்கணக்கான செல்களின் சராசரியா. நான்காவது, நீங்கள் பார்க்கும் செயலே பொருளை இடம் மாற்றுமா. இதைத்தான் பலரும் கேட்க மறக்கிறார்கள். ஐந்தாவது, காலமும் பணமும்.

எந்த வழியானாலும், தற்செயலாகவே எவ்வளவு வரும் என்று தெரியாமல் முடிவு சொல்ல முடியாது. ஒரு சிறிய கணக்கு காட்டுகிறேன். உட்கருவை உருண்டை என்று வைத்துக்கொள்வோம். ஆரத்தின் வெளிப்புற 10 சதவீதத்தை 'விளிம்பு' என்போம். மரபணு எந்த விருப்பமும் இல்லாமல் எங்கு வேண்டுமானாலும் இருக்கும் என்றால், அது விளிம்பில் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? 10 சதவீதம் இல்லை, 27 சதவீதம். உருண்டையின் கன அளவு வெளிப்பக்கம்தான் அதிகம். அதே உட்கருவை ஸ்லைடில் நசுக்கித் தட்டையாக்கிவிட்டால் அந்த வாய்ப்பு 19 சதவீதம். நசுக்காமல் முழு உருண்டையாகவே படமெடுத்து, பிறகு எல்லா அடுக்குகளையும் ஒரே தளத்தில் அழுத்திப் பார்த்தால் 8 சதவீதம்தான்.

இப்போது உங்கள் மரபணு 25 சதவீத உட்கருக்களில் விளிம்பில் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டையான ஸ்லைடில் அது விளிம்பை விரும்புவது போலத் தெரியும். முப்பரிமாணத்தில் அளந்தால் விளிம்பைச் சற்று தவிர்க்கிறது. அழுத்திய படத்தில் தற்செயலைப் போல மூன்று மடங்கு. ஒரே எண்ணுக்கு மூன்று முடிவு. அதனால்தான் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், உங்கள் மரபணுவோடு சேர்த்து சம்பந்தமில்லாத இரண்டு மூன்று இடங்களையும் அதே ஸ்லைடில் பார்க்கச் சொல்கிறேன். 2004-இல் ஜெர்மனியின் காட்டர்ஸ்லேபனில் அரபிடாப்ஸிஸ் குரோமோசோம்களின் இருப்பிடத்தை ஆராய்ந்தவர்கள், கணினியில் தற்செயலாக அடுக்கிப் பார்த்த உட்கருக்களோடு ஒப்பிட்டார்கள். எந்தக் குரோமோசோம் எதன் பக்கத்தில் என்பது பெரும்பாலும் தற்செயல்தான் என்று தெரிந்தது. நியூக்ளியோலஸ் உருவாகும் பகுதியைச் சுமக்கும் 2, 4-ஆம் குரோமோசோம்கள் மட்டும் விலக்கு. அந்த ஒப்பீடு இல்லாமல் இருந்திருந்தால், பார்த்த ஒவ்வொரு நெருக்கத்துக்கும் ஒரு கதை எழுதியிருப்பார்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | எதைச் சொல்லும் | உயிரோடா | காலம் | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| ஃபிஷ் | மரபணுவின் அறை, தூரம் | இல்லை | புரோப் தயார் என்றால் 3–4 நாள் | நசுங்குதல், புரோப்பின் அகலம் |
| ஆன்டிபாடி | புரதத்தின் அறை | இல்லை | 2–3 நாள் | தவறான இடத்தில் ஒட்டும் ஆன்டிபாடி |
| ஜி.எஃப்.பி. இணைப்பு | புரதத்தின் அறை, அசைவு | ஆம் | தற்காலிகம் 3–4 நாள், நிலையான செடி 6 மாதத்துக்கு மேல் | அளவுக்கு மீறிய உற்பத்தி, வெறும் ஜி.எஃப்.பி. உள்ளே நுழைதல் |
| லாக்-ஆபரேட்டர் வரிசை, டிகாஸ்9 | மரபணுவின் அசைவு | ஆம் | நிலையான செடி வேண்டும் | அடையாளமே இடத்தை மாற்றுதல் |
| ஹை-சி, சிப்-வரிசை | பக்கத்தில் யார், உறையோரம் யார் | இல்லை | சில வாரம், கணினிப் பகுப்பாய்வுக்கு இன்னும் சில வாரம் | எல்லாமே சராசரி |

## ஃபிஷ்

ஒரு மரபணுவின் இடம் மட்டுமே கேள்வி என்றால், நான் முதலில் கை வைப்பது இதில்தான். ஒளிரும் புரோப்பை உட்கருவின் டி.என்.ஏ.வோடு இணைய விட்டு, அது எங்கே ஒட்டியது என்று பார்க்கிறோம். மரபணு மாற்றுச் செடி வேண்டாம். நெல்லானாலும் சரி, கோதுமையானாலும் சரி, வயலிலிருந்து பிடுங்கி வந்த வேர் நுனி போதும்.

வேலை இப்படி நடக்கும். வேர் நுனியை மூன்று பங்கு எத்தனால், ஒரு பங்கு அசிட்டிக் அமிலத்தில் ஊறவைக்கிறோம். செல்லுலேஸ், பெக்டோலையேஸ் நொதிகள் செல்சுவரைத் தளர்த்தும். பிறகு 60 சதவீத அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு, மேலே கவர்ஸ்லிப், ஊசி முனையால் மெதுவாகத் தட்டல். உட்கருக்கள் பிரிந்து பரவும். அப்புறம் ஸ்லைடை 80 டிகிரியில் இரண்டு நிமிடம் வைத்து இரட்டைச்சுருளைப் பிரித்து, 37 டிகிரியில் இரவு முழுக்க விடுகிறோம்.

இந்த விவரத்தில்தான் மூன்று செலவும் ஒளிந்திருக்கிறது. தட்டியபோதே உருண்டை தட்டையாகிவிட்டது. மேலே சொன்ன 27, 19 கணக்கு இங்கேதான் உதவும். அமிலம் பல புரதங்களை வெளியேற்றிவிடுகிறது, அதனால் அதே ஸ்லைடில் புரதத்தையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று நம்ப வேண்டாம். 80 டிகிரி சூடு அதிக நேரம் பட்டால் குரோமாட்டின் (டி.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த பொருள்) ஊதி, விளிம்பே மங்கிவிடும். இடம்தான் கேள்வி என்றால் தட்டும் முறையை விட்டுவிடுங்கள். பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, உருண்டை கலையாமல் கான்ஃபோகல் நுண்ணோக்கியில் அடுக்கடுக்காகப் படமெடுங்கள். அப்போதும் பக்கவாட்டில் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது. மேல்-கீழ் திசையில் அது இன்னும் மோசம். அதனால் உருண்டையின் நடுவட்டத்தில் இருக்கும் புள்ளிகளை நம்பலாம், உச்சியிலும் அடியிலும் இருப்பவற்றை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, வழக்கமாகப் புரோப்பாகப் பயன்படுத்தும் பாக் குளோன் (பாக்டீரியாவில் வளர்த்த பெரிய டி.என்.ஏ. துண்டு) ஏறக்குறைய 1 லட்சம் டி.என்.ஏ. காரங்கள் நீளம். அரபிடாப்ஸிஸில் சுமார் 5,000 காரத்துக்கு ஒரு மரபணு இருக்கிறது. நீங்கள் 'என் மரபணு' என்று பார்க்கும் புள்ளியில் இருபது மரபணுக்கள் குடியிருக்கின்றன. தெருவைத்தான் பார்க்கிறோம், வீட்டை இல்லை. நெல், கோதுமையில் மரபணுக்கள் இன்னும் விலகி இருப்பதால் தெருவில் வீடுகள் குறைவு. ஆனால் கோதுமையில் திரும்பத் திரும்ப வரும் வரிசைகள் எங்கும் இருப்பதால், பெரிய குளோனைப் போட்டால் உட்கரு முழுக்க ஒளிரும். அங்கே தேர்ந்தெடுத்துச் செய்த சிறு ஒலிகோ புரோப்தான் சரி.

சூட்டைத் தவிர்க்க வேண்டும் என்றால் க்ரிஸ்பர்-ஃபிஷ் இருக்கிறது. காஸ்9 புரதமே இரட்டைச்சுருளைத் திறந்து வழிகாட்டி ஆர்.என்.ஏ.வை ஒட்ட வைக்கும். குரோமோசோமின் இடுப்பான சென்ட்ரோமியர், நுனியான டீலோமியர் போன்ற திரும்ப வரும் வரிசைகளுக்கு அழகாக வேலை செய்கிறது. ஒற்றை மரபணுவுக்கு இதை நம்பி ஆய்வைத் தொடங்காதீர்கள்.

## ஆன்டிபாடி

புரதம் எந்த அறையில் என்பதற்கு மிக விரைவான வழி. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மேலுள்ள வேதிக் குறிகள், சென்ட்ரோமியரின் சென்-ஹெச்3, நியூக்ளியோலஸின் ஃபைப்ரில்லாரின் இவற்றுக்கெல்லாம் நன்கு தேறிய ஆன்டிபாடிகள் உண்டு. அரபிடாப்ஸிஸ் உட்கருவில், டி.என்.ஏ.வை ஒளிரவைக்கும் டாப்பி சாயத்தில் பத்துக்கு மேற்படாத பளிச்சென்ற புள்ளிகள் தெரியும். அவைதான் குரோமோசென்டர்கள். அடங்கிய டி.என்.ஏ.வின் ஹிஸ்டோன் குறியான ஹெச்3-கே9-மீ2-க்கான ஆன்டிபாடி அதே புள்ளிகளில் போய் உட்கார்ந்தால் உங்கள் முறை வேலை செய்கிறது என்று அர்த்தம். முதல் நாள் இதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் அறியாத புரதத்துக்குப் போகணும்.

புதிய புரதத்துக்கு ஆன்டிபாடி வாங்கும்போதுதான் சிக்கல். நான் ஒருமுறை வாங்கியது நியூக்ளியோலஸை அவ்வளவு சுத்தமாகக் காட்டியது, மூன்று மாதம் அந்தப் படத்தை வைத்தே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் புரதமே இல்லாத மியூட்டண்டில் போட்டுப் பார்த்த அன்று, அங்கேயும் நியூக்ளியோலஸ் அதே பளபளப்போடு ஒளிர்ந்தது. நியூக்ளியோலஸ் அடர்த்தியான இடம், பல ஆன்டிபாடிகள் காரணமில்லாமல் அங்கே ஒட்டும். மியூட்டண்ட் விதை கையில் இல்லாமல் ஆன்டிபாடிக்கு ஆர்டர் போட வேண்டாம். விதையை வரவழைக்கும் செலவு ஆன்டிபாடி விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

## ஜி.எஃப்.பி. இணைப்பு

புரதத்தின் அசைவைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. ஒளியை உணரும் புரதமான ஃபைட்டோகுரோம் பி-யை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டில் சைட்டோபிளாசத்தில் இருக்கும். சிவப்பு ஒளி பட்டால் உட்கருவுக்குள் போய், சிறு சிறு ஒளிப்புள்ளிகளாகத் திரளும். 1999-இல் ஜி.எஃப்.பி. ஒட்டிய புரதத்தை வைத்துத்தான் இந்தப் பயணத்தைக் கண்ணால் பார்த்தார்கள். இறந்த செல்லை மட்டும் பார்த்திருந்தால் இது ஒரே புரதத்தின் பயணம் என்று சொல்வது கடினம்.

பெரும்பாலானவர்கள் புகையிலையின் உறவான நிக்கோட்டியானா பென்தாமியானா இலையில், மரபணுவைச் செடிக்குள் கடத்தும் அக்ரோபாக்டீரியத்தைச் செலுத்தி மூன்றாம் நாளே படம் எடுக்கிறார்கள். "உட்கருவுக்குப் போகிறதா, போகவில்லையா" என்ற கேள்விக்கு அது போதும். உட்கருவுக்குள் எந்த அறை என்ற கேள்விக்கு அது போதாது. அதில் வழக்கமாகப் போடும் 35எஸ் என்ற வலுவான புரோமோட்டர் (மரபணுவை இயக்கும் டி.என்.ஏ. பகுதி) அளவுக்கு மீறிப் புரதத்தைச் செய்யும். அதிகமான புரதம் தானாகவே திரண்டு, உண்மையான உட்கருப் புள்ளிகள் போலவே தோற்றம் தரும். அந்தப் படத்தைப் பார்த்து ஏமாறாதவர்கள் குறைவு.

அடுத்த கண்ணி, ஜி.எஃப்.பி.யின் எடை 27 கிலோடால்ட்டன்தான். உட்கருத் துளை 40 கிலோடால்ட்டன் அளவு வரை யாரையும் கேட்காமல் உள்ளே விடும். உங்கள் புரதம் சிறியது என்றால், இணைப்பு முழுவதுமே சும்மா கசிந்து உள்ளே போகலாம். பெரியது என்றால், உடைந்து பிரிந்த ஜி.எஃப்.பி. மட்டும் போயிருக்கலாம். புரதத்தின் அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் இணைப்பு முழுசாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். சிறிய புரதத்துக்குக் கூடவே கஸ் புரதத்தையும் ஒட்டி எடையைக் கூட்டினால் கசிவு நிற்கும்.

'உறையோரம்' என்று தெரிவதிலும் ஏமாற்று உண்டு. முதிர்ந்த இலைச் செல்லில் வாக்யுவோல் எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிடும். உட்கருவைச் சுற்றி மெல்லிய சைட்டோபிளாசம் மட்டும் இருக்கும், உறையோ எண்டோபிளாச வலையோடு தொடர்ந்து போகும். வெளியே ஒட்டியிருப்பதும் உள்ளே ஒட்டியிருப்பதும் ஒரே வளையமாகத் தெரியும். சிவப்பு நிறம் ஒட்டிய ஹிஸ்டோன் ஹெச்2பி-யைச் சேர்த்துப் போட்டால் உள், வெளி பிரியும்.

ஒளி சார்ந்த ஆய்வு செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று: ஜி.எஃப்.பி.யைத் தூண்டும் 488 நானோமீட்டர் நீல ஒளியை நாற்றும் பார்க்கிறது. இருட்டு நாற்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் அந்த ஒரு நிமிடத்தில் அது இருட்டு நாற்றாக இருப்பதை நிறுத்திவிடும். மங்கலான பச்சை வெளிச்சத்தில் ஸ்லைடு தயார் செய்து, ஒரு நாற்றுக்கு ஒரே படம் என்று எடுத்து, அடுத்த படத்துக்குப் புது நாற்று எடுங்கள்.

சொந்த புரோமோட்டரில், மியூட்டண்ட் செடியில் போட்டு, செடி மீண்டும் இயல்பாக வளர்கிறது என்று காட்டியபின் எடுக்கும் படம்தான் கடைசியில் நிற்கும். அரபிடாப்ஸிஸில் அதற்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். கால்லஸ் வழியாகப் போக வேண்டிய நெல்லில் ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் இருந்தால் இந்த வழியிலேயே போங்கள் என்பேன்.

## லாக்-ஆபரேட்டர் வரிசையும் டிகாஸ்9-உம்

மரபணுவையே உயிரோடு பார்ப்பது. பாக்டீரியாவின் லாக்-ஆபரேட்டரைப் பல படிகளாக மரபணுவின் பக்கத்தில் செருகி, அதில் ஒட்டும் லாக்-ஐ புரதத்துக்கு நிறம் கொடுக்கிறோம். 2013-இல் நார்விச்சின் ஜான் இன்னஸ் மையத்தில் கரோலின் டீன் குழுவினர் எஃப்.எல்.சி. மரபணுவுக்கு இப்படிச் செய்தார்கள். அது பூப்பதைத் தடுக்கும் மரபணு, நீண்ட குளிரில் அடங்கும். அடங்கும்போது எஃப்.எல்.சி. படிகள் உட்கருவுக்குள் ஒன்றாகக் கூடுவதைப் பார்த்தார்கள்.

ஆனால் 2005-இலேயே இன்னொரு ஆய்வு காட்டிவிட்டது: லாக்-ஆபரேட்டர் வரிசைகள், எந்த மரபணுவின் பக்கத்தில் இருந்தாலும், தாமாகவே ஒன்றோடொன்று கூட முனைகின்றன. குரோமோசென்டர் பக்கம் போகவும் முனைகின்றன. அளக்கும் கோலே அளவை மாற்றுகிறது. எஃப்.எல்.சி. ஆய்வு நிற்பதற்குக் காரணம், மரபணுவை அடக்கிவைக்கும் பாலிகோம்ப் புரதங்களான வி.ஆர்.என்.2, வி.ஆர்.என்.5 இல்லாத செடிகளில் அதே வரிசை இருந்தும் கூடல் குறைந்ததுதான். அப்படியொரு மியூட்டண்ட் கையில் இல்லாதவர்களுக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். வெட்டும் திறன் நீக்கிய காஸ்9 ஆன டிகாஸ்9-க்கு மரபணுவின் பக்கத்தில் எதையும் செருக வேண்டாம், 2017-இல் பென்தாமியானாவில் டீலோமியர் அசைவதை இப்படிப் பார்த்தார்கள். ஒற்றை மரபணுவுக்கு ஒளி போதாது.

## ஹை-சி, சிப்-வரிசை

பக்கத்தில் யார் என்பதை மரபுத்தொகுதி முழுவதற்கும் சொல்லும். நெருங்கிக் கிடக்கும் டி.என்.ஏ. துண்டுகளை ஃபார்மால்டிஹைடால் கட்டி, வெட்டி, ஒட்டி, வரிசைப்படுத்துகிறோம் (அதாவது டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையைப் படிக்கிறோம்). 2014-இல் சூரிச்சில் இப்படித்தான், வெவ்வேறு குரோமோசோம்களிலிருந்து வரும் பத்துப் பகுதிகள் ஒரே முடிச்சாகக் கூடுவதைக் கண்டார்கள். எந்தப் பகுதிக்கு புரோப் போடணும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டிய ஃபிஷ்ஷில் இந்த முடிச்சு கிடைத்திருக்காது.

ஹை-சி சொல்லாதது, அந்த முடிச்சு உட்கருவில் எங்கே இருக்கிறது என்பது. அதற்கு, ஒரு புரதத்தைப் பிடித்து அதோடு ஒட்டிய டி.என்.ஏ.வை வரிசைப்படுத்தும் சிப் வகை வேண்டும். உட்கருத் துளைப் புரதமான நுப்1-ஐயும் (2017), கிரௌன்1-ஐயும் (2019) பிடித்து வரிசைப்படுத்தியபோது, உறையோரம் கிடப்பவை பெரும்பாலும் அடங்கிய மரபணுக்களும் இடம் தாவும் டி.என்.ஏ. துண்டுகளான டிரான்ஸ்போசான்களும் என்று தெரிந்தது. நியூக்ளியோலஸுக்கு 2016-இல், ஃபைப்ரில்லாரின் ஒளிரும் செடியின் உட்கருக்களை உடைத்து, நியூக்ளியோலஸ்களை மட்டும் இயந்திரத்தில் பிரித்தெடுத்து வரிசைப்படுத்தினார்கள்.

அடங்கியவை விளிம்பில் என்றால் சி.ஏ.பி. எப்படி விளிம்புக்குப் போய் வேலை செய்கிறது? இரண்டும் மோதவில்லை. ஒன்று மரபுத்தொகுதியின் போக்கு, இன்னொன்று ஒரு கூட்டத்தின் நடத்தை. சராசரிப் படத்தை வைத்துத் தனி மரபணுவைத் தீர்ப்பதுதான் தவறு. சராசரியிலும் ஒரு சாய்வு ஒளிந்திருக்கிறது. அரபிடாப்ஸிஸ் இலையில் 2சி முதல் 32சி வரை (சி என்பது ஒரு தொகுதி டி.என்.ஏ.வின் அளவு) உட்கருக்கள் கலந்து கிடக்கின்றன. ஒரு 16சி உட்கரு எட்டு 2சி உட்கருக்களின் அளவு டி.என்.ஏ.வைத் தரும். இலையை அப்படியே அரைத்தால் பெருத்த உட்கருக்களின் குரல்தான் கேட்கும். உட்கருக்களை டி.என்.ஏ. அளவு வாரியாகப் பிரிக்கும் ஃப்ளோ சார்ட்டரில் பிரித்துவிட்டுத் தொடங்குங்கள், இல்லையென்றால் இளம் திசுவை எடுங்கள்.

## யாருக்கு எது

ஒரு மரபணு, இரண்டு நிலைகள், எம்.எஸ்.சி. திட்டத்துக்கு ஆறு மாதம்: முப்பரிமாண ஃபிஷ். சம்பந்தமில்லாத இரண்டு இடங்களுக்கும் புரோப், ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது நூறு உட்கரு.

புதிய புரதம், முனைவர் பட்டத்துக்கு நான்கு வருடம்: முதல் மாதமே சொந்த புரோமோட்டர் ஜி.எஃப்.பி. செடியைத் தொடங்கிவிடுங்கள். அது வளரும் வரை பென்தாமியானாவில் உள்ளே போகிறதா என்று மட்டும் பாருங்கள், அறையைப் பற்றி எழுதாதீர்கள்.

எந்த மரபணு என்றே தெரியாது, மியூட்டண்டில் உட்கரு உருவம் மாறுகிறது: இங்கே ஹை-சிக்கும் சிப்புக்கும் பணம் செலவழிப்பது நியாயம். கணினிப் பகுப்பாய்வு தெரிந்த ஒருவர் கூட இருக்க வேண்டும். அதில் கிடைக்கும் மூன்று நான்கு இடங்களை ஃபிஷ்ஷில் சரிபாருங்கள்.

கோதுமை, பார்லி: எந்த வழிக்கும் முன்னால் சென்ட்ரோமியர், டீலோமியர் புரோப்கள் இரண்டையும் ஒரே ஸ்லைடில் போட்டுப் பாருங்கள். அவற்றில் சென்ட்ரோமியர்கள் ஒரு துருவத்திலும் டீலோமியர்கள் எதிர்த் துருவத்திலும் நிற்கும். 1885-இல் ராபிள் விவரித்த அந்த அடுக்கு இருக்கும்போது, மரபணு கரத்தின் நுனியில் இருப்பதாலேயே உறைக்கு நெருங்கித் தெரியும். அரபிடாப்ஸிஸில் டீலோமியர்கள் நியூக்ளியோலஸைச் சுற்றி நிற்பதால் அதே நுனி மரபணு அங்கே உள்பக்கம் தெரியும். நெல்லில் திசுவுக்குத் திசு மாறும், அதனால் வேரில் எடுத்த ஸ்லைடை வைத்து இலையைப் பற்றிப் பேச வேண்டாம்.